நெஞ்சு கரிப்பும் அதன் பரிகாரமும்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற் சீமையில், காட்டுவேலை மிகுந்த நாட்களில் இரவு வெகுநேரங் கழித்து வயிறு நிறைய உண்டு, உண்ட கையோடு படுத்துவிடும் வழக்கம் பலரிடம் உண்டு. நடுநிசியில் நெஞ்சு கரித்துப் புளித்த நீர் தொண்டைக்கு எதுக்களித்தால், அதை உடற்சூடு என்றோ வாயு என்றோ எண்ணிச் சோடா உப்பைக் கரைத்துக் குடிக்கின்றனர். எரிச்சல் அப்போதைக்குத் தணியும், காரணமோ நீங்குவதில்லை.

உணவைச் செரிப்பிக்க இரைப்பையில் அமிலம் சுரக்கிறது. அதைத் தாங்கும் வலிமை இரைப்பையின் உட்சவ்வுக்கு உண்டு, உணவுக்குழலுக்கு இல்லை. இரண்டும் கூடுமிடத்தில் ஒரு தசைவளையம் இருந்து, உணவைக் கீழே விட்டதும் மூடிக்கொள்ளும். கண்மாய் மடை சரிவர அடையாவிடில் நீர் கசிவதுபோல், இவ்வளையம் தளர்ந்தால் அமிலம் மேலேறும். மிதமிஞ்சிய உணவு, பருத்த உடல், புகையிலை, மது, கர்ப்பம் ஆகியவை இதற்கு ஏதுவாகும்.

வயிற்றுப்புண் வேறு வியாதி. அதற்குப் பெரும்பாலும் காரணமாவது, 1982-ல் ஆஸ்திரேலியாவில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் கண்டறிந்த கிருமியாகும். மேல்வலிக்கென அடிக்கடி விழுங்கும் மாத்திரைகளாலும் அது உண்டாகும். ஆகையால் வாரம் இருமுறைக்கு மேல் நெஞ்சு கரிப்போர் வைத்தியரிடம் காட்டி, இன்ன நோயென்று தெளிதல் வேண்டும்.

இராவுணவைக் குறைத்து, படுக்குமுன் மூன்று மணி நேரம் இடைவெளி விடுக. கட்டிலின் தலைமாட்டுக் கால்களின் கீழ் இரண்டிரண்டு செங்கற்களை அடுக்கி உயர்த்துக. தலையணையை மட்டும் உயர்த்தினால் வயிறு மடங்கி அழுந்தும். இடப்புறம் சாய்ந்து படுத்தல் நன்று. புளிப்பு, காரம் முதலியவற்றுள் தமக்கு ஒவ்வாததை அவரவரே கண்டு விலக்குக. வைத்தியர் ஓமிப்ரசோல் மாத்திரை கொடுத்தால், காலை உணவுக்கு அரைமணி முன்னதாக, அவர் குறித்த காலம் வரை உட்கொள்க.

விழுங்குகையில் தடை, இரத்த வாந்தி, கருநிற மலம், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை அபாயக் குறிகள். இவை கண்டால் உள்நோக்குக் குழாய்ப் பரிசோதனை அவசியம். இரத்த வாந்தியோ கருநிற மலமோ கண்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்க. நெஞ்சை அழுத்தும் வலி கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்வையும் மூச்சுமுட்டலும் கண்டால், அது மாரடைப்பாயிருக்கலாம். அவ்வேளையில் வாயுவென்று சோடா உப்பைக் கரைத்துக்கொண்டிராமல், உடனே 108 வண்டியை அழைத்து ஆஸ்பத்திரி சேர்ப்பதே உயிர் காக்கும் வழி. சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் இதனைத் தம் வீட்டாருக்கும் அயலாருக்கும் எடுத்துரைப்பாராக.