நடந்து எரித்த கலோரியைத் திரும்பச் சாப்பிடலாமா?

காலையில் சாந்தோம் பக்கம் லூப் ரோட்டில் வாக்கிங் போகிறவர்கள் பலரின் கையில் ஸ்மார்ட்வாட்ச் இருக்கும். கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்பியதும் முதலில் பார்ப்பது 'எரித்த கலோரி' என்ன என்றுதான். 350 என்று காட்டினால் அடுத்த கேள்வி தானாக வரும்: 'அப்போ இன்னைக்கு 350 கலோரி கூடுதலா சாப்பிடலாம்ல?'

எடை குறைக்க லோ-கார்ப் டயட்டில் இருப்பவர் என்றால், தினசரி நடைக்கு அது வேண்டாம் என்பதே நேரடிப் பதில்.

முதலில், அந்த 350-ஐயே நம்ப முடியாது. 2017-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 7 கருவிகளை 60 பேரின் கையில் கட்டிச் சோதித்தார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை சரியாகவே காட்டின. கலோரியில்தான் கோட்டை விட்டன. இருப்பதிலேயே நல்ல கருவி சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம்!

சரி, வாட்ச் துல்லியமாகவே இருக்கட்டும். 70 கிலோ எடை உள்ளவர் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 280 கலோரி செலவாகும். ஆனால், அவர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அந்த ஒரு மணி நேரத்தில் 70 கலோரி போயிருக்கும். நடையால் கூடுதலாகக் கிடைத்தது 210தான். இன்னொரு இடமும் இடிக்கும். டயட் ஆப்பில் கணக்கு தொடங்கும்போது 'ஓரளவு உடற்பயிற்சி செய்பவர்' என்று கொடுத்திருந்தால், உங்கள் நடை அந்தத் தினசரி அளவிலேயே சேர்ந்திருக்கிறது. திரும்பவும் சாப்பிட்டால் ஒரே நடைக்கு இரண்டு முறை கணக்கு எழுதுகிறீர்கள்.

இப்போது பாதாமுக்கு வருவோம். தமிழ்நாட்டில் பேலியோ பிரபலமான பிறகு 'காலையில 100 பாதாம்' என்பது பலருக்கு மனப்பாடம். ஒரு பாதாமில் ஏறக்குறைய 7 கலோரி. அதாவது, 30 பாதாமில் அந்த ஒரு மணி நேர நடை காலி. நெய் என்றால் இரண்டு மேசைக்கரண்டியே போதும். லோ-கார்ப் உணவில் மாவுச்சத்து குறைவு. கலோரி குறைவு என்று அர்த்தமில்லை. இந்த டயட்டில் பலருக்குக் கிடைக்கும் பெரிய லாபமே பசி அடங்குவதுதான். பசியே இல்லாதபோது, வாட்ச் சொன்னதற்காக ஒரு கை முந்திரியை அள்ளிப் போட்டால் அந்த லாபம் போச்சு.

'நடந்துட்டு வந்தா தலை சுத்துதே, சாப்பிடாம எப்படி?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், அதற்குக் காரணம் பெரும்பாலும் கலோரி அல்ல. மாவுச்சத்தைக் குறைத்ததும் இன்சுலின் அளவு இறங்கும். சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் கூடுதலாக வெளியேற்றும். முதல் வாரத்தில் 'ரெண்டு கிலோ குறைஞ்சுட்டேன்' என்பதில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான். அதன் மேல் சென்னைப் புழுக்கத்தில் வேர்வை வேறு. ஒரு டம்ளர் உப்பு போட்ட மோர் பல நேரம் போதும். ரத்த அழுத்தமோ சிறுநீரகப் பிரச்சினையோ இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது.

யார் திரும்பச் சாப்பிட வேண்டும்? ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்குத் தயாராகிறவர் ஞாயிற்றுக்கிழமை 20 கி.மீ. ஓடினால், 70 கிலோ உடம்புக்குக் கிட்டத்தட்ட 1,400 கலோரி செலவு. அதில் பாதியையாவது சாப்பிடத்தான் வேண்டும். நொச்சிக்குப்பத்தில் வாங்கிய மீன், முட்டை என்று புரதத்திலிருந்து தொடங்கலாம். அதேபோல, முதல் இரண்டு வாரம் தாண்டியும் வாரம் ஒரு கிலோவுக்கு மேல் இறங்கினால், தூக்கம் கெட்டால், மாதவிடாய் தள்ளிப்போனால் உணவு போதவில்லை என்று அர்த்தம். அப்போது வாட்ச் என்ன சொன்னாலும் சாப்பாட்டைக் கூட்டுங்கள்.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி (2023) இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டு, மாவுச்சத்தையும் குறைத்து, நடக்கவும் செய்தால் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கலாம். நடுக்கம், வேர்வை, படபடப்பு வந்தால் உடனே குளுக்கோஸோ சர்க்கரையோ சாப்பிட வேண்டும். அந்த நேரத்தில் டயட் பார்க்கக் கூடாது. டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் கடுமையான லோ-கார்ப் இருந்தால், மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே ரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. இவர்கள் டயட்டைத் தொடங்கும் முன்பே டாக்டரைப் பார்த்து மருந்தின் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும்.