மலை இறங்கும்போது காதைக் கவனியுங்கள்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பலருக்குக் கெந்திங் மலைதான். ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். கடல்மட்டத்தைவிடக் காற்றழுத்தம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஏறும்போது, நடுச்செவியில் உள்ள காற்று தொண்டையோடு இணைந்த குழாய் வழியே எளிதில் வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் சிக்கல். எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோதான் அந்தக் குழாய் திறக்கும்.

காது அடைத்தால் வெளிச்சத்தம் மங்கும். காதிரைச்சல் உள்ளவர்களுக்கு உள்ளே கேட்கும் ‘ஙொய்’ ஒலி ஓங்கும். அடைப்பு நீங்கினால் பெரும்பாலும் அதுவும் தணிந்துவிடும். பதற வேண்டாம்.

இறங்கத் தொடங்கும்போதே மிட்டாய் சுவையுங்கள், தூங்காதீர்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள். காரில் வானொலி மெல்ல ஒலிக்கட்டும். மூக்கைப் பிடித்துப் பலமாக ஊதாதீர்கள். சளி பிடித்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வீடு திரும்பிய பிறகும் ஒரு காது மந்தமாகவே இருந்தால், தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.