மூச்சும் நடையும்

நுழையும்முன்

மூச்சிரைக்கும் முதியவரை வீட்டார் அன்பினால் உட்கார வைக்கின்றனர். "நீங்கள் எழுந்து வர வேண்டா, வேண்டியதை நாங்களே கொண்டுவந்து தருகிறோம்" என்கின்றனர். அந்த அன்பே முதியவருக்குத் தீங்காக முடிவதும் உண்டு. அஃது எவ்வாறு என்பதையும், அதற்கு மாற்று என்ன என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

மாடிப்படியில் ஒரு பாட்டி

பெங்களூரு நகரத் தொடர்வண்டி நிலையத்தை ஒட்டி அமைந்த பகுதி ஒக்கலிபுரம். ஒருபுறம் இருப்புப்பாதைகள், மறுபுறம் ஓயாத வாகன நெரிசல், இடையே நெருக்கமான வீடுகள். பஞ்சாலை வேலை, கட்டட வேலை எனப் பல தொழில்களை நாடித் தமிழகத்திலிருந்து வந்தோர் இங்கும் அடுத்துள்ள சிறீராமபுரத்திலும் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர்.

அத்தகைய வீடு ஒன்றை மனக்கண்ணால் காண்போம். மாடியில் வீடு, ஏறிச் செல்லப் பதினெட்டுப் படிகள். அங்கே வாழும் பாட்டி திருவண்ணாமலைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்தவர். ஒரு காலத்தில் இடுப்பில் தண்ணீர்க் குடத்துடன் அப்படிகளில் ஏறியவர். இன்று வெறுங்கையுடன் ஏறும்போதே ஆறாம் படியில் நின்றுவிடுகிறார். "வயசாயிடுச்சு கண்ணு, வேற ஒண்ணுமில்ல" என்கிறார். "ஆயா, நீ உக்காரு. கடைக்கு நான் போறேன்" என்று பேத்தி பையை வாங்கிக்கொள்கிறாள்.

பாட்டி சொன்னது முழு உண்மை அன்று. பேத்தி செய்தது முழு உதவியும் அன்று.

நுரையீரலில் நிகழ்வது என்ன?

மூச்சுக்குழாய் மார்பினுள் இரு கிளைகளாகப் பிரிந்து, பின் மரத்தின் கிளைகளைப்போல் மீண்டும் மீண்டும் பிரிகிறது. நுனிகளில் திராட்சைக் கொத்துகளைப்போல் நுண்ணிய காற்றறைகள் உள்ளன. இரு நுரையீரல்களிலும் இவை பல கோடி. இவற்றின் மெல்லிய சுவர் வழியாகவே ஆக்சிஜன் குருதியில் கலக்கிறது.

பல்லாண்டு காலம் புகையும் தூசியும் உட்செல்லும்போது மூச்சுக்குழல்களின் உட்சுவர் வீங்குகிறது, சளி மிகுகிறது, வழி குறுகுகிறது. காற்றறைகளின் சுவர்களும் சிதைகின்றன. உள்ளே சென்ற காற்று முழுவதும் வெளியேற இயலாமல் தேங்குகிறது. பழைய காற்று தேங்கிய இடத்தில் புதிய காற்றுக்கு இடம் ஏது? இதனையே மருத்துவர்கள் 'நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்' என்கின்றனர். உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கின்படி 2021-ஆம் ஆண்டில் இந்நோயால் உலகெங்கும் ஏறத்தாழ 35 இலட்சம் பேர் இறந்தனர்.

இது தொற்றுநோய் அன்று. ஆஸ்துமாவும் அன்று. ஆஸ்துமாவில் குறுகிய வழி பெரும்பாலும் மீண்டும் விரியும். இந்நோயிலோ அடைப்பு முழுமையாக நீங்குவதில்லை. இதனைக் கண்டறிய ஸ்பைரோமீட்டர் என்னும் கருவி உதவுகிறது. நன்றாக மூச்சை இழுத்து, அதனுள் வேகமாக ஊத வேண்டும். ஊதிய காற்றில் 70 விழுக்காடேனும் முதல் ஒரு நொடியில் வெளிவருகிறதா என்று மருத்துவர் பார்க்கிறார். மூச்சிரைப்பு முதுமையால் மட்டும் வந்ததா, நோயால் வந்ததா என்பது இவ்வாறு தெளிவாகும்.

அடுப்பங்கரைக் கணக்கு

"பாட்டி பீடி பிடித்தவர் அல்லரே! அவருக்கு ஏன் இந்நோய்?" என்னும் ஐயம் எழலாம். புகைப்பிடித்தல் இந்நோயின் தலையாய காரணங்களுள் ஒன்று. ஆயினும் அது மட்டுமே காரணம் அன்று. விறகு, வறட்டி, சுள்ளி ஆகியவற்றை எரித்துச் சமைத்த பெண்கள் நாள்தோறும் புகையையே சுவாசித்தனர். பஞ்சாலைத் தூசியும் கட்டட வேலையின் தூசியும் ஆண்கள், பெண்கள் பலரின் நுரையீரலைக் கெடுத்தன.

கர்நாடக மாநிலம் மைசூரு மாவட்டத்துச் சிற்றூர்ப் பெண்களை மருத்துவர்கள் ஆராய்ந்து, 2013-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் பயன்படுத்திய கணக்கு எளியது. ஒருவர் ஒரு நாளில் விறகடுப்பின்முன் இருந்த மணி நேரத்தை, அவ்வாறு சமைத்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். அந்த எண் 60-ஐத் தொடும்போதே நாள்பட்ட மார்புச்சளி நோய் வரும் வாய்ப்புத் தெளிவாகக் கூடுகிறது என அவர்கள் கண்டனர். நம் பாட்டி நாளுக்கு 4 மணி நேரம், 30 ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்தவர் எனக் கொள்வோம். அவருடைய எண் 120. குடும்பத்திற்குச் சோறிட்ட அடுப்பே அவருடைய மூச்சைத் தின்றிருக்கிறது.

ஒரு மகளின் கேள்வி

நோய் நுரையீரலில் இருக்க, மருந்தை வயிற்றுக்கு அனுப்புவானேன்? நேராக நுரையீரலுக்கே அனுப்பலாமே! இவ்வெண்ணம் பழையது. ஆனால் முன்னாளில் மருந்தைத் தெளிக்கும் கண்ணாடிக் கருவிகள் எளிதில் உடைந்தன; மருந்தின் அளவும் சீராக இல்லை. 1955-ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்து நிறுவனம் ஒன்றின் தலைவருடைய மகள், ஆஸ்துமாவால் துன்புற்ற பதின்பருவப் பெண், தந்தையிடம் ஒரு கேள்வி கேட்டாள்: தலைமுடிக்குத் தெளிக்கும் பொருள் குப்பியில் அடைபட்டு வருவதுபோல மருந்தும் வரலாகாதா? அக்கேள்வியின் பயனாக, ஒவ்வோர் அழுத்தத்திற்கும் ஒரே அளவு மருந்தை வெளிவிடும் இன்ஹேலர் 1956-இல் விற்பனைக்கு வந்தது.

ஒரு கருவி, இரு மருந்து

இன்று மருத்துவர்கள் பலருக்கும் தருவது கூட்டு மருந்து இன்ஹேலர். அதில் இரண்டு மருந்துகள் சேர்ந்திருக்கும். ஒன்று, மூச்சுக்குழலைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தி வழியை அகலமாக்கும். பார்மோட்டிரால், சால்மெட்டிரால் போன்றவை அத்தகையன. இவற்றின் ஆற்றல் ஏறத்தாழ 12 மணி நேரம் நீடிக்கும். மற்றொன்று, புடசோனைடு போன்ற ஸ்டீராய்டு மருந்து. அது உட்சுவரின் வீக்கத்தைத் தணிக்கும். சிலருக்கு ஸ்டீராய்டு இன்றித் தசை தளர்த்தும் மருந்துகளே இரண்டு சேர்த்துத் தரப்படும்; வேறு சிலருக்கு மூன்று மருந்துகள். யாருக்கு எது என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

"இன்ஹேலர் பழகினால் அடிமையாகிவிடுவோம்" என்னும் அச்சம் பல வீடுகளில் உண்டு. ஒரு கணக்கைப் பார்ப்போம். சால்பியூட்டமால் என்னும் மருந்தின் மாத்திரை ஒன்றில் 4 மில்லி கிராம், அதாவது 4000 மைக்ரோ கிராம் மருந்து இருப்பதுண்டு. அதே மருந்து இன்ஹேலரின் ஓர் அழுத்தத்தில் 100 மைக்ரோ கிராமே வெளிவருகிறது. நாற்பதில் ஒரு பங்கு! சேர வேண்டிய இடத்திற்கே செல்வதால் சிறிதளவே போதுமானதாகிறது. கண்ணாடி அணிந்தவர் கண்ணாடிக்கு அடிமை அல்லர், இன்ஹேலரும் அத்தகையதே. உடல் நன்றாக இருக்கிறது என்று தாமாக நிறுத்துவோர்க்கு நோய் திடீரென முற்றக்கூடும்.

பயன்படுத்தும் முறை

முறை தவறினால் மருந்து நாக்கிலும் தொண்டையிலும் படிந்து வீணாகும். அழுத்தும் வகை இன்ஹேலருக்கு உரிய முறை பின்வருமாறு:

1. நிமிர்ந்து உட்கார்ந்து, மூடியை நீக்கி, குப்பியை நன்றாகக் குலுக்க வேண்டும்.
2. மூச்சை முழுவதும் வெளியே விட வேண்டும்.
3. கருவியின் வாயை உதடுகளால் இறுகக் கவ்வ வேண்டும்.
4. மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்கியவுடன் குப்பியை ஒருமுறை அழுத்தித் தொடர்ந்து ஆழமாக இழுக்க வேண்டும்.
5. பத்து எண்ணும் வரை மூச்சை அடக்கிப் பின்னர் மெல்ல வெளிவிட வேண்டும்.
6. ஸ்டீராய்டு கலந்த மருந்தாயின் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லையேல் வாயில் பூஞ்சைப் புண் தோன்றலாம்.

அழுத்துவதும் இழுப்பதும் ஒருங்கே வாராத முதியவர்கள், ஸ்பேசர் என்னும் குடுவையைக் கருவியுடன் பொருத்திக்கொள்ளலாம். தூள் மருந்து இன்ஹேலருக்கு முறை வேறு: மருந்தை இட்டபின் குலுக்கக் கூடாது, வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். தூள் அடங்கிய கேப்சூலை மாத்திரை என எண்ணி விழுங்கிவிடுவோரும் உளர். அது கருவியில் இடுவதற்கே உரியது.

நடையும் மருந்தே

மருந்து வழியைத் திறக்கிறது. அவ்வழியே பயணம் செய்யக் கால்களுக்கு வலிமை வேண்டும். இங்கேதான் ஒரு தீய சுழல் உருவாகிறது. மூச்சிரைப்புக்கு அஞ்சி முதியவர் உட்கார்ந்துவிடுகிறார். பயன்படாத கால் தசை மெலிகிறது. மெலிந்த தசை அதே வேலைக்கு மிகுதியான மூச்சைக் கேட்கிறது. ஆகவே முன்னினும் விரைவில் இரைக்கிறது. முதியவர் மேலும் உட்கார்ந்துவிடுகிறார்.

சிதைந்த காற்றறைகள் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆனால் மெலிந்த தசை திரும்பும்! பயிற்சி பெற்ற தசை குறைந்த மூச்சிலேயே அதே வேலையைச் செய்யும். இதற்கென மருத்துவமனைகளில் 'நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி' அளிக்கப்படுகிறது. வாரத்திற்கு இரண்டு மூன்று நாள்களாக, ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு அது நடைபெறுவது வழக்கம். தொடக்கத்தில் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தொலைவு நடக்க முடிகிறது என அளப்பர். முடிவில் மீண்டும் அளப்பர். பெங்களூரில் நிம்ஹான்ஸ் அருகே அமைந்துள்ள இராசீவ் காந்தி மார்பு நோய் நிறுவனம், இத்தகைய நோய்களுக்கென்றே அரசு நடத்தும் மருத்துவமனையாகும்.

மருத்துவர் இசைவு தந்தபின் வீட்டருகிலும் நடக்கலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியாத அளவுக்கு இரைக்கலாம். அதுவே சரியான வேகம். மிகுதியாக இரைத்தால் நின்று, மூக்கால் இழுத்து, விளக்கை ஊதுவதுபோல் உதடுகளைக் குவித்து மெல்ல ஊத வேண்டும். தேங்கிய காற்று வெளியேற இது வழி செய்யும். வாகனப் புகை மிகுந்த வேளையையும் மார்கழி மாதத்துப் பனி மூட்டத்தையும் தவிர்த்தல் நன்று. மல்லேசுவரத்தை அடுத்துள்ள சாங்கி ஏரிக்கரை போன்ற மரநிழல் சூழ்ந்த சமதள இடங்கள் நடைக்கு ஏற்றவை.

உதடு நீலம் பூத்தாலோ, ஒரு சொற்றொடரை முடிக்க முடியாமல் இரைத்தாலோ, மனம் குழம்பிப் பேசினாலோ நடையும் வேண்டா, காத்திருத்தலும் வேண்டா. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

மீண்டும் படிக்கட்டு

பேத்தி இப்பொழுது பையைப் பிடுங்குவதில்லை. காலையில் பாட்டி இன்ஹேலரை இழுக்கும்போது பத்து வரை தமிழில் எண்ணுகிறாள். மாலையில், "வா ஆயா, தெருமுனை வரைக்கும் போய் வரலாம்" என்று கை பிடித்து அழைத்துச் செல்கிறாள். முதல் வாரம் மூன்று வீட்டுத் தொலைவு; இரண்டாம் வாரம் ஐந்து. இரண்டு மாதம் சென்றபின், ஆறாம் படியில் நின்ற பாட்டி பன்னிரண்டாம் படியில் நிற்கிறார். நோய் நீங்கிவிடவில்லை. ஆயினும் ஆறு படிகள் அவருக்குத் திரும்பக் கிடைத்துள்ளன. கடைக்குத் தாமே சென்று, தமக்குப் பிடித்த கீரையைத் தாமே ஆய்ந்தெடுத்து வாங்கும் உரிமையும் அவற்றுடன் திரும்பியிருக்கிறது.

அருஞ்சொற்பொருள்

இருப்புப்பாதை – தண்டவாளப் பாதை
வறட்டி – காய்ந்த சாண எரிபொருள்
விழுக்காடு – நூற்றுக்கு இத்தனை என்னும் அளவு
இசைவு – ஒப்புதல்

பயிற்சி

1. "பாட்டி சொன்னது முழு உண்மை அன்று; பேத்தி செய்தது முழு உதவியும் அன்று." இக்கூற்றை விளக்குக.
2. நாளுக்கு 3 மணி நேரம், 25 ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்த ஒருவரின் அடுப்பங்கரை எண் யாது? அது 60-ஐ விட எவ்வளவு மிகுதி?
3. 'தீய சுழல்' என்பது எவ்வாறு உருவாகிறது? நான்கு படிநிலைகளாக எழுதுக.
4. பிரித்து எழுதுக: அடுப்பங்கரைக் கணக்கு, படிக்கட்டு, மூச்சிரைப்பு.
5. செயல்பாடு: உங்கள் வீட்டு முதியவர் இளமையில் எத்தகைய அடுப்பில் சமைத்தார், எத்தொழில் செய்தார் எனக் கேட்டறிந்து, பத்து வரிகளில் தமிழில் எழுதுக.