அமர்ந்த முகமும் அகப்பட்ட முகமும்

தமிழ்நாட்டில் மூன்று தலைமுறை கண்ட எந்த வீட்டுக் கூடத்திலும் நேயர்கள் இந்தப் படத்தைப் பார்த்திருக்கலாம். பாட்டனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். இரு கைகளும் முழங்கால்களின்மேல் ஊன்றியிருக்கும். பாட்டியார் ஒரு கையை நாற்காலியின் முதுகில் வைத்தபடி பக்கத்தில் நிற்பார். பின்னால் தொங்கும் திரையில், சிறுசேரியிலோ கேளம்பாக்கத்திலோ ஒருநாளும் கண்டிராத மாளிகைத் தூண்களும் பூந்தோட்டமும் தீட்டப்பட்டிருக்கும். எல்லாம் இருக்கும், சிரிப்பு மட்டும் இராது.

அதே வீட்டில் இன்று பேரப்பிள்ளையின் கையில் கைப்பேசி இருக்கிறது. குழந்தை சோற்றை வாரி இறைப்பது, அத்தை வாய்விட்டுச் சிரிப்பது, தாத்தா செய்தித்தாளை மார்பில் கவிழ்த்துக்கொண்டு உறங்குவது, எல்லாம் நொடியில் பதிவாகிவிடுகின்றன. இவ்விரு வகைப் படங்களையும் வகுப்பில் பக்கத்தில் பக்கமாக வைத்துக் காட்டினால், பிள்ளைகள் தயங்காமல் தீர்ப்புக் கூறுகிறார்கள்: "ஸ்டூடியோப் படம் வேஷம், இதுதான் நிஜம்!"

இத்தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொண்டுவிடலாமா? வழக்கு நேற்றுத் தோன்றியதன்று. புகைப்படக் கலை பிறந்த பிரான்ஸ் தேசத்திலேயே அது தொடங்கிவிட்டது. நூறாண்டுகளுக்குப் பின் அது திருவண்ணாமலைக்கும் புதுச்சேரிக்கும் வந்து சேர்ந்தது என்பது நம்மவருள் பலர் அறியாத செய்தி.

பாரிஸில் பிறந்த இரட்டையர்

லூயி டாகேர் என்பவர் கண்டுபிடித்த முறையைப் பிரெஞ்சு அரசாங்கம் 1839-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 19-ஆம் தேதி உலகறிய வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே டாகேர் பாரிஸ் நகரத்து வீதி ஒன்றை உயரத்திலிருந்து படம் எடுத்திருந்தார். வண்டிகளும் ஜனங்களும் நிறைந்த வீதி அது. ஆனால் படத்தில் வீதி வெறிச்சோடிக் கிடக்கிறது! அக்காலத் தகட்டில் உருவம் பதிவதற்குப் பல நிமிஷங்கள் ஆகும். ஓடுகிற வண்டியும் நடக்கிற மனிதனும் பதிவதற்குள் மறைந்துபோவார்கள். ஒரே ஒருவர் மட்டும் ஓரமாகத் தென்படுகிறார். காலைத் தூக்கி வைத்துப் பூட்ஸுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்ததால் அவர் அசையாமல் நின்றார், ஆகவே பதிந்துவிட்டார். மனித உருவம் பதிந்த படங்களுள் மிகப் பழமையானது இதுவே என்று கருதப்படுகிறது. தாம் சரித்திரத்தில் இடம் பெற்றுவிட்டோம் என்பது அம்மனிதருக்குத் தெரியவே தெரியாது.

அதே நகரில் ஹிப்போலித் பயார் என்ற அரசாங்க உத்தியோகஸ்தர் ஒருவர் காகிதத்தில் படம் எடுக்கும் முறையைத் தாமாகவே கண்டுபிடித்திருந்தார். மரியாதையெல்லாம் டாகேருக்கே சென்றது. மனம் நொந்த பயார் 1840-ஆம் ஆண்டில் வேடிக்கையான ஒரு காரியம் செய்தார். நீரில் மூழ்கி இறந்தவரைப்போல் கண்களை மூடிச் சாய்ந்து, தம்மைத் தாமே படம் எடுத்துக்கொண்டார். அரசாங்கம் கைவிட்டதால் இப்பாவி உயிரை மாய்த்துக்கொண்டான் என்ற கருத்தில் படத்தின் பின்புறம் எழுதியும் வைத்தார். உண்மையில் அவர் 1887 வரையில் உயிரோடு இருந்தார்!

ஆக, அறியாமல் அகப்பட்ட முகமும், வேண்டுமென்றே அமர்ந்த முகமும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே ஊரில், இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்தன. இவற்றுள் பயாரின் படம் முற்றிலும் நடிப்புத்தான். ஆனால் அவருடைய மனக்குறை நடிப்பா? அன்று. பொய்க் கோலத்தின் வழியாக ஒரு மெய்யான துக்கத்தை அவர் வெளியிட்டார்.

கூடத்துக் கலையும் வீதிக் கலையும்

முதலில் செழித்தது ஸ்டூடியோக் கலையே. அதற்குக் காரணம் ரசனை மட்டுமன்று. வெளிச்சமும் காலமும் அப்படி இருந்தன. கண்ணாடிக் கூரை வழியே விழும் ஒளியில் ஆளை உட்காரவைத்து, தலை ஆடாதபடி பின்னால் இரும்புக் கவை ஒன்றைப் பொருத்துவார்கள். அந்நிலையில் சிரிப்பை நெடுநேரம் முகத்தில் நிறுத்துவது யாராலும் ஆகாத காரியம். நம் பாட்டனார் காலத்தில் கருவி முன்னேறிவிட்டது. ஆயினும் சிரியாமல் நிமிர்ந்து அமரும் அந்த மரபு நிலைத்துவிட்டது.

1854-ஆம் ஆண்டில் திஸ்தேரி என்பவர் ஒரே தகட்டில் பல சிறு படங்கள் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். விலை சரிந்தது. அதுவரையில் ஓவியனை அமர்த்தி உருவப்படம் எழுதிக்கொள்வது பிரபுக்களுக்கே உரிய பாக்கியமாயிருந்தது. இப்போது கடைக்காரரும் குமாஸ்தாவும் தூணுக்கும் திரைச்சீலைக்கும் முன்னால் பிரபுவைப்போல் நின்றார்கள். அதே பாரிஸில் நாதார் என்ற புகழ்பெற்ற கலைஞரோ தூணையும் திரையையும் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டார். வெறுமையான பின்னணி, ஒரு பக்கத்து ஒளி, எதிரே அமர்ந்தவரோடு மனம்விட்டுப் பேச்சு, இவ்வளவே அவருடைய சாதனங்கள். கவி போத்லேர் முதலியோரின் முகங்கள் இன்றும் நம்மை நேராகப் பார்ப்பது அதனாலேதான். ஸ்டூடியோ என்றாலே பகட்டு என்பதற்கு நாதார் ஒருவரே போதிய மறுப்பு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் விரைவாகப் பதியும் உலர்தகடுகளும் கையடக்கக் கருவிகளும் வந்தன. 1894-இல் பிறந்த ழாக் ஹென்றி லார்த்திக் சிறுவனாயிருந்தபோதே, உறவுப் பெண் ஒருத்தி படிகளில் தாவுவதையும், அண்ணன் பறக்கும் இயந்திரம் செய்து விளையாடுவதையும் படம் எடுத்தான். 1908-இல் பிறந்த ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் சிறிய லைக்கா கருவியோடு வீதிகளில் திரிந்தார். 1932-இல் பாரிஸ் ரயில் நிலையம் ஒன்றின் பின்புறம், தேங்கிய நீரைத் தாண்டிய மனிதனின் குதிகால் நீரைத் தொடுவதற்கு முந்திய கணத்தை அவர் பிடித்துவிட்டார். டாகேரின் தகட்டில் மறைந்துபோன வீதி மக்கள் இவ்வாறு திரும்பி வந்தார்கள்.

நம் நாட்டில் நடந்தது

சென்னை மாகாண அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1858-இல் மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலிய ஊர்களைப் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டை இருபத்தொரு படங்களாக எடுத்து, பத்தொன்பது அடி நீளத்துக்கு ஒட்டி இணைத்தார். அரிய தொண்டு, ஐயமில்லை. ஆயினும் அப்படங்களில் ஜனங்கள் அருமையாகவே தென்படுகிறார்கள்.

பின்னர் சென்னை மவுண்ட் ரோட்டில் வீலி அண்டு கிளைன், ஜி. கே. வேல் முதலிய ஸ்டூடியோக்கள் பெயர்பெற்று விளங்கின. சிற்றூர்களிலும் ஸ்டூடியோக்கள் தோன்றின. கோட்டும் கடிகாரமும் அங்கேயே இரவலாகக் கிடைப்பதுண்டு. நம் இளைஞர்கள் நகைப்பது இதைக் கண்டுதான். சற்றே நின்று யோசிப்போம். வெயிலில் உழைத்து, பிறருக்கு முன் குனிந்தே பழகிய ஒரு மனிதர், தம்மை உலகம் எவ்வாறு பார்க்கவேண்டும் என்று தாமே தீர்மானித்த நாள் அது ஒன்றாகவே இருந்திருக்கலாம். கோட்டு இரவல், நிமிர்ந்த முதுகோ அவருடைய சொந்தம்.

இதற்கு நேர்மாறான ஒரு படவரிசையும் நம் மாகாணத்திலேயே உண்டு. 1876 முதல் 1878 வரையில் தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. சென்னைப் படையில் உத்தியோகம் வகித்த வில்லோபி ஹூப்பர், எலும்பும் தோலுமாய் வாடிய ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் குழுக் குழுவாக உட்காரவைத்துப் படம் எடுத்தார். இவையும் அமர்ந்த முகங்களே. ஆனால் தாமாக விரும்பி அமர்ந்தவர்கள் அல்லர், அமர்த்தப்பட்டவர்கள். பஞ்சத்துக்கு அப்படங்கள் சாட்சியாய் நிற்கின்றன என்பது மெய். அவற்றில் ஒருவருடைய பெயர்கூட நமக்குக் கிட்டவில்லை என்பதும் மெய். அதே ஹூப்பர் பின்னர் மாந்தலேயில் மரண தண்டனை நிறைவேற்றத்தைப் படம் எடுக்க முயன்றதற்காக விசாரணைக்கு உள்ளானார்.

காந்தியடிகளின் ஆசிரமத்தில் வேறொரு நியாயம் நிலவியது. உறவினரான இளைஞர் கனு காந்தி படம் எடுக்க அனுமதி கேட்டபோது, அடிகள் மூன்று நிபந்தனைகள் விதித்தார்: மின்னல்விளக்கு கூடாது, 'இப்படி நில்லுங்கள்' என்று கேட்கக்கூடாது, செலவுக்கு ஆசிரமம் பணம் தராது. விளைவு என்ன? மகாத்மாவின் அன்றாட வாழ்வு கலப்பற்ற உருவில் நமக்குக் கிடைத்தது. அகப்பட்ட முகந்தான், ஆனால் சம்மதத்தோடு அகப்பட்டது.

திருவண்ணாமலையும் புதுச்சேரியும்

முன்னே சொன்ன கார்த்தியே பிரெஸ்ஸோன் இந்தியாவுக்கு வந்து, 1948 ஜனவரி 30-ஆம் தேதி காந்தியடிகளை அவருடைய இறுதி நாளில் சந்தித்தார். 1950 ஏப்ரலில் அவர் தமிழ்நாட்டில் இருந்தார். ரமண மகரிஷியின் இறுதி நாட்களில் திருவண்ணாமலையில் தங்கி, அவரையும் அவரைச் சூழ்ந்த பக்தர்களையும் படம் எடுத்தார். ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு மகரிஷி சமாதியடைந்தபோது அங்கேயே இருந்தார்.

ஆனால் இன்று தமிழர் இல்லங்களில் நாம் மிகுதியாகக் காண்பது எந்தப் படம்? வெல்லிங் என்பவர் எடுத்த மார்பளவுப் படந்தான்! நேராக நோக்கும் கண்களும் மெல்லிய புன்னகையும் கொண்ட அப்படம், படக்கருவிக்கு முன் அமர்ந்து எடுக்கப்பெற்றது. உலகப் புகழ்பெற்ற கலைஞர் எடுத்தவை சரித்திரத்துக்குச் சொந்தமாயின; அமர்ந்து எடுத்த படம் பூஜையறைக்குச் சொந்தமாயிற்று. வணங்க விரும்பும் மனம் தன்னைப் பார்க்கும் முகத்தைத் தேடுகிறது. அறிய விரும்பும் மனம் தன்னைப் பாராத முகத்தைத் தேடுகிறது.

அதே மாத இறுதியில், அந்நாளில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில், ஸ்ரீ அரவிந்தரைப் படம் எடுக்கும் அனுமதி அவருக்குக் கிடைத்தது. பல ஆண்டுகளாக யாருக்கும் கிட்டாத அனுமதி அது. ஓடுகிற கணத்தைப் பிடிப்பதில் வல்லவரான கலைஞருக்கு எதிரே, நாற்காலியில் ஆடாமல் அசையாமல் வீற்றிருந்தார் அந்த முதியவர். இரும்புக் கவை இல்லை, திரை இல்லை, அசைவும் இல்லை! அவ்வாண்டு டிசம்பர் 5-ஆம் தேதி அரவிந்தர் மறைந்தார். அவருடைய முதுமைத் தோற்றத்தை உலகம் இன்று அறிவது பெரும்பாலும் இப்படங்களாலேயே. அவற்றை எந்த வகையில் சேர்ப்பது? இரண்டு வகைகளும் அங்கே ஒன்றாகிவிட்டன.

எது நிஜம்?

ஆகையால், உட்கார்ந்து எடுத்ததா, ஓட்டத்தில் எடுத்ததா என்பது உண்மைக்கு உரைகல் அன்று என்பது நம் கருத்து. படத்தில் இருப்பவருக்கு அதில் ஏதேனும் சொல் உரிமை இருந்ததா என்பதே உரைகல். ஸ்டூடியோவில் பாட்டியாருக்கு அவ்வுரிமை ஓரளவேனும் இருந்தது. பஞ்சத்தில் வாடியவர்களுக்கு இல்லை. உறங்கும் தாத்தாவை எடுத்து ஊரெல்லாம் அனுப்பும் பேரன், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டானா? நிஜம் நிஜம் என்று நாம் பாராட்டும் படங்களில் எத்தனை, திருட்டுத்தனமாய் எடுக்கப்பட்டவை!

ஒன்று மட்டும் ஸ்டூடியோவால் ஆகவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நம் பாட்டியார் நாற்று நட்டதையும், நெல் குத்தியதையும், கதை சொன்னதையும் அது காட்டவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கும் கருவி இன்று ஒவ்வொரு கையிலும் இருக்கிறது. வீட்டில் உள்ள பெரியவர்களை இரு விதமாகவும் படம் எடுங்கள். அவர்கள் விரும்பிய சேலையில், விரும்பிய இடத்தில் அமரச் செய்து ஒன்று. அவர்கள் சம்மதத்தோடு, வேலை செய்கையிலே மற்றொன்று.

இன்னொரு காரியமும் அவசரமானது. நம் சிறுசேரிப் பக்கத்தில் வயலும் ஏரியும் சூழ்ந்திருந்த ஊர்கள் கணினிக் கம்பெனிகளின் ஊர்களாக மாறிவிட்டன. பழைய வீடுகளை இடிக்கும்போது சுவரில் மாட்டியிருந்த படங்கள் கரையானுக்கும் குப்பைக்கும் போகின்றன. அவற்றைத் துடைத்து எடுத்து, படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று தெரிந்த பெரியவரைக் கேட்டு, பின்புறம் பென்சிலால் எழுதி வையுங்கள். பயார் தம் படத்தின் பின்புறம் எழுதியிராவிட்டால், இன்று நாம் அவரை வெறுமனே உறங்குகிற ஒருவர் என்று எண்ணிக் கடந்திருப்போம் அல்லவா?