வேலிக்கு வெளியே காயும் புல்

தம்புள்ளைப் பக்கத்தில் ஐப்பசியில் தொடங்கும் பெரும்போக மழை தையோடு ஓய்ந்துவிடும். மாசி, பங்குனியில் ஒரு வரட்சி. சித்திரை மழை கடந்தபின் வைகாசி முதல் புரட்டாசி வரை அதைவிட நீண்ட இன்னொரு வரட்சி. சோளகம் எனும் தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிய வெறுங்காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. மழைக்காலத்தில் ஆள் உயரத்துக்கு எழுந்த கினியாப் புல் அந்தக் காற்றில் சருகாகிறது. அப்போது மூளும் காட்டுத்தீயை இயற்கை அனர்த்தம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். பிழை அந்தப் பெயரிலேயே தொடங்குகிறது. நம் நாட்டில் மின்னல் பெரும்பாலும் மழையோடு சேர்ந்தே வருகிறது. காய்ந்த காலத்துக் காட்டுத்தீக்களில் ஏறத்தாழ எல்லாமே மனிதர் மூட்டியவை. கையால் மூட்டிய தீ என்றால் அதைக் கையால் தடுக்கவும் முடியும், தடுக்கத் தவறியவரைக் கேள்வி கேட்கவும் முடியும். ஒரு குடும்பத்தின் ஆயத்தம் இந்த இரண்டையும் உணர்வதிலிருந்து தொடங்க வேண்டும்.

காடு வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்யும் ஏழை விவசாயியின் தலையில் பழியைப் போடுகிறீர்கள் என்று சிலர் சொல்லக்கூடும். சேனையில் தீ வைப்பது பல தலைமுறை வழக்கம் என்பது உண்மைதான். ஆனால் அந்த வழக்கத்துக்குள்ளேயே கட்டுப்பாடும் இருந்தது. சுற்றிலும் புல்லைச் செதுக்கி வெற்றுத் தரையாக்கி, காற்றைப் பார்த்து, மழை நெருங்கும் நாளில், பலர் கூடி நின்று எரித்தார்கள். இன்று தீ பரவும் வழிகள் வேறு: குப்பைக்கு வைத்துவிட்டு மறந்த நெருப்பு, இளம்புல் முளைக்கட்டும் என்று மேய்ச்சல் தரையில் வைக்கும் தீ, வேட்டைக்கும் தேனுக்கும் வைக்கும் தீ, பாதையோரம் வீசிய சிகரெட். ஆகவே சேனைக்குத் தடை கேட்பதில் பயனில்லை. எரிப்பதற்கு முதல் நாளே அயலவருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் சொல்வது, காற்று பலமான நண்பகலில் எரிக்காமல் இருப்பது, கங்கு அணையும்வரை இடத்தை விட்டு நகராமல் இருப்பது ஆகிய மூன்றையும் பழைய கட்டுப்பாட்டின் தொடர்ச்சியாக மீட்டெடுத்தால் போதும்.

இலங்கையில் தீ புல்லைத்தான் எரிக்கிறது, ஊரை எரிப்பதில்லை என்பது அடுத்த மறுப்பு. அதிலும் பாதி உண்மை உண்டு. நம் காட்டுத்தீ பெரும்பாலும் தரையோடு ஓடுவது. கலிபோர்னியாவில் போல மர உச்சிகளைத் தாவிச் செல்வது அரிது. ஆனால் புல்லைச் சாதாரணமாக எண்ணுவதற்கு இது காரணமாகாது. 2023 ஆகஸ்ட் 8 அன்று ஹவாய் தீவுக்கூட்டத்தின் லஹைனா நகரம் எரிந்து நூறு பேரளவில் மாண்டார்கள். அந்தத் தீக்குத் தீனியாக இருந்தவற்றில், கைவிடப்பட்ட தோட்டக் காணிகளில் மண்டிக் கிடந்த இதே கினியாப் புல்லும் ஒன்று. அங்கே அபாயச் சங்கு ஒலிக்கவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. இன்னும் அருகில், தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், 2018 மார்ச் 11 அன்று நடைபயணம் போனவர்கள் காய்ந்த புற்சரிவில் தீயிடம் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சரிவில் தீ மேல்நோக்கியே விரைவாக ஏறும். குன்றும் கற்பாறையும் நிறைந்த தம்புள்ளை, சீகிரியாப் பகுதிகளில் புகையைக் கண்டு மேட்டை நோக்கி ஓடுவது ஆபத்து. பக்கவாட்டில் விலகி, எரிந்து முடிந்த தரைக்கோ, குளக்கட்டுக்கோ, தார் வீதிக்கோ போவதே பாதுகாப்பு.

வீட்டை ஆயத்தப்படுத்தப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒரு மண்வெட்டியும் ஒரு விடுமுறை நாளும் போதும். சுவரிலிருந்து ஐந்தடிக்குப் புல்லோ சருகோ விறகோ இல்லாத வெறுந்தரையாக வைக்க வேண்டும். முப்பதடி வரை புல்லைக் குட்டையாக வெட்டி, வெட்டியதை அள்ளி அகற்ற வேண்டும். வெட்டிய இடத்திலேயே விட்டால் அதுவே தீக்குத் தீனியாகும். பல வீடுகளைக் கொளுத்துவது நேரே வரும் சுவாலையைவிடக் காற்றில் பறந்து வரும் தீப்பொறிதான் என்பதால், ஓட்டு இடுக்கிலும் பீலியிலும் தங்கிய சருகையும், கிடுகோ இலுக்கோ வேய்ந்த கொட்டிலையும் முதலில் கவனிக்க வேண்டும். மின்சாரம் நின்றால் கிணற்று மோட்டரும் நின்றுவிடும். வரட்சி முடியும்வரை பீப்பாவில் நீரும் பக்கத்தில் வாளியும் இருக்கட்டும். முழங்காலளவுப் புல்தீயைப் பச்சைக் கிளையால் அடித்து அணைக்கலாம். அதற்கு மேல் எழுந்த தீயோடு போராடுவது வீட்டாரின் வேலையல்ல.

மனிதர்களுக்கான ஆயத்தமும் இதே அளவு எளிது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி, ஒரு வாரத்துக்கான மருந்து, டோர்ச் ஆகியவை ஒரே பையில் கதவருகே இருக்க வேண்டும். நடக்க முடியாத பாட்டியை யார் தூக்குவது, மாட்டின் கயிற்றை யார் அவிழ்ப்பது, பிரிந்துபோனால் எந்த இடத்தில் கூடுவது என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்ய வேண்டும். ஆஸ்துமா உள்ளவர், கர்ப்பிணி, கைக்குழந்தை ஆகியோரைப் புகை நெருங்கும்போதே அனுப்பிவிட வேண்டும். ஈரத் துணி சாம்பலைத் தடுக்குமே தவிர நுண்புகையைத் தடுக்காது. இது யானை நடமாடும் பிரதேசம் என்பதால், இருட்டில் காட்டுப் பாதைக்குள் இறங்காமல் பகல் வெளிச்சத்தில் பிரதான வீதி வழியே வெளியேறுவது நல்லது. தாமதம் ஏன் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உதவி கேட்பதிலும் தாமதமே பெரும் எதிரி. தீயணைப்புக்கு 110, பொலிஸுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, இலவச அம்பியுலன்ஸான சுவசெரியவுக்கு 1990. இந்த நான்கையும் சுவரில் எழுதி, பிள்ளைகளுக்கும் பாடமாக்க வேண்டும். பேசும்போது ஊர்ப்பெயர், கிராம உத்தியோகத்தர் பிரிவு, அருகிலுள்ள குளமோ விகாரையோ கோயிலோ, தீ நகரும் திசை, உள்ளே சிக்கியவர் உண்டா என்பவற்றை இந்த ஒழுங்கில் சொன்னால் நேரம் வீணாகாது. மறுமுனையில் தமிழ் புரியாவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் பலரை அழைக்கவே விடுவதில்லை. இதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. அரசியலமைப்புக்கான 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. வடக்கு, கிழக்குக்கு வெளியிலும் அரச நிறுவனங்களோடு தமிழில் தொடர்புகொண்டு பதில் பெறும் உரிமையை 1988இன் 16ஆவது திருத்தம் உறுதிப்படுத்தியது. அது மறுக்கப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தையும் நாடலாம். ஆனால் வழக்கு தீயை அணைக்காது. ஆகவே "கின்னக்" என்ற சிங்களச் சொல்லையும் ஊரின் சிங்களப் பெயரையும் வீட்டில் எல்லோரும் அறிந்து வைத்திருக்க வேண்டும். உயிர் காக்கும் நேரத்தில் இரண்டு சொல் கடன் வாங்குவதால் உரிமை குறைந்துவிடாது.

அயல் காணி காடாகிக் கிடந்தால் என்ன செய்வது? முதலில் சொந்தக்காரரிடம் பேச வேண்டும். அடுத்து கிராம உத்தியோகத்தருக்கும் உள்ளூராட்சிச் சபைக்கும் எழுத்தில் அறிவித்து, பிரதியைத் திகதியோடு வைத்திருக்க வேண்டும். பொதுத் தொல்லையை அகற்ற நீதவான் கட்டளையிட 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு வழிவிடுகிறது. முறையிட்டால் அயலவர் பகையாகிவிடுவார் என்பது நியாயமான தயக்கமே. வழக்குக்கு முன் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேச மத்தியஸ்த சபைகள் இருப்பது இத்தகைய தகராறுகளுக்காகவே. ஒதுக்கக் காடுகளில் தீ வைப்பது வனக் கட்டளைச் சட்டப்படி குற்றம். கவனயீனமாக நெருப்பைக் கையாண்டு பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பதும் குற்றம். தீயில் இழப்பு நேர்ந்தால், துப்புரவு செய்வதற்கு முன் படமெடுத்து, பொலிஸில் முறைப்பாடு பதிந்து, கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்கு அறிவிக்க வேண்டும். பதிவு இல்லாத இழப்புக்கு நிவாரணம் கேட்பது கடினம்.

எல்லாவற்றையும் குடும்பமே செய்வதென்றால் அரசு எதற்கு என்ற கேள்வியும் எழும். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் திட்டமிடும் பொறுப்பை அரசிடமே வைத்திருக்கிறது. வேலியின் உட்புறத்துப் புல்லை நாம் வெட்டுவதால் வெளிப்புறத்துக்கான அரசின் கடமை கரைந்துவிடாது. நம் பிரிவுக்குத் தீத்திட்டம் உண்டா, தீயணைப்பு வாகனம் எத்தனை, அறிவித்தல்கள் தமிழில் வருமா என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்டால், 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டியது அதிகாரியின் கடமை. நீண்டகால விடைக்கான சான்று தம்புள்ளையிலேயே நிற்கிறது. சேனையால் பற்றைக்காடாகிப்போன ஒரு காணியை 1963இல் சாம் பொப்பம் என்பவர் கையிலெடுத்தார். பற்றையை மட்டும் விலக்கி, தானாக முளைத்த மரக்கன்றுகளுக்கு இடம்விட்டார். இன்று அது நிழல் கவிந்த உலர்வலயக் காடு. நிழல் அடர்ந்து விழும் இடத்தில் கினியாப் புல் செழிக்காது. புல் இல்லாத இடத்தில் தீக்கு ஓட்டமில்லை. இந்த ஆண்டு மண்வெட்டி, வரும் ஆண்டுகளுக்கு மரநிழல், இடையில் ஓர் எழுத்துமூல விண்ணப்பம்: மூன்றையும் சோளகம் வருமுன் தொடங்கிவிட வேண்டும்.