தோல்விக்குக் கட்டணம் இல்லை

இரண்டு பேர் உருவாக்கிய விண்வெளி விளையாட்டு. ஒரு முறை பத்து டாலர் கொடுத்தால் போதும், பிறகு ஒரு காசும் கேட்பதில்லை. மலிவுதான் அதன் கவர்ச்சியா?

விண்கலத்தின் ஆக்சிஜன் அறையில் தீ. அணைக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. வெளிக் கதவுகளைத் திறந்துவிட்டால் காற்று வெளியேறும். தீ தானாகவே அடங்கிவிடும். சிக்கல் என்னவென்றால், அறைக்குள் ஒரு மாலுமி நிற்கிறார். அவருக்கும் காற்று வேண்டும். எதிரியின் அடுத்த ஏவுகணை கிளம்ப இன்னும் சில விநாடிகள். கீபோர்டில் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் எல்லாம் அப்படியே உறைந்து நிற்கும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். ஆனால் யோசித்து எடுத்த முடிவு தவறாகிவிட்டால், மாலுமி செத்தது செத்ததுதான்.

'ஃபாஸ்டர் தேன் லைட்' என்ற இந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டை ரசிகர்கள் எஃப்.டி.எல். என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். 2012 செப்டம்பரில் வெளிவந்தபோது இதன் விலை 9.99 டாலர். பெரிய கம்பெனிகளின் புதிய விளையாட்டுகள் அப்போது 60 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தன. ஆறில் ஒரு பங்கு விலை. முப்பரிமாணக் காட்சிகள் இல்லை. நடிகர்களின் குரல் இல்லை. மேலிருந்து பார்த்த வீட்டு வரைபடம் போல ஒரு விண்கலம், அதன் அறைகளில் நகரும் சின்னஞ்சிறு உருவங்கள், அவ்வளவுதான். ஆனாலும் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை.

கதை எளிமையானது. கூட்டமைப்பு பிழைப்பதற்குத் தேவையான ஒரு ரகசியத் தகவல் உங்கள் கலத்தில் இருக்கிறது. கலகக்காரர்களின் படை பின்னால் துரத்துகிறது. எட்டு மண்டலங்களைத் தாண்டி, கடைசியில் அவர்களுடைய தலைமைக் கப்பலை வீழ்த்த வேண்டும். வழி ஒவ்வொரு முறையும் மாறும். உதவி கேட்டுக் கதறும் குரல் உண்மையாகவும் இருக்கலாம், கொள்ளையர் விரித்த வலையாகவும் இருக்கலாம். வழியில் பொறுக்கிச் சேர்க்கும் காயலான் சரக்குதான் அங்கே நாணயம். அதை வைத்து எரிபொருள் வாங்குவதா, கவசத்தைப் பலப்படுத்துவதா, ஓட்டை விழுந்த கலத்தைப் பழுது பார்ப்பதா? மாதக் கடைசியில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதாக இருக்காது.

பெரும்பாலும் தோல்விதான் மிஞ்சும். கலம் வெடித்தால் பயணம் முடிந்தது. விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி கிடையாது, மறுபடியும் முதலிலிருந்து. முழுப் பயணத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் பிடிக்கும். பாதி வழியிலேயே சிதறிய பயணங்கள்தான் யாரிடமும் அதிகம்.

இந்த ஈவிரக்கமற்ற மரபுக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகத்தில் மைக்கேல் டாய், க்ளென் விக்மன் என்ற இரு மாணவர்கள் 1980 வாக்கில் 'ரோக்' என்ற விளையாட்டை எழுதினார்கள். தமிழில் 'போக்கிரி' எனலாம். திரையில் படங்களே கிடையாது, வெறும் எழுத்துகளும் குறிகளும்தான். ஒவ்வொரு முறையும் புதிய நிலவறை, செத்தால் முதலிலிருந்து. அதன் சாயலில் வந்தவை எல்லாம் 'ரோக்லைக்' என்று பெயர் பெற்றன. 1987ல் வந்த 'நெட்ஹாக்' உட்பட இந்த வம்சத்தின் பல பிள்ளைகள் இலவசமாகவே புழங்கின. சும்மா கிடைத்துவந்த சரக்குக்கு விலை வைப்பது துணிச்சலான காரியம். 2011ல் 'தி பைண்டிங் ஆஃப் ஐசக்' 5 டாலருக்கு வந்தது. எஃப்.டி.எல். அதைப் போல இரு மடங்கு கேட்டது.

கேட்டவர்கள் மேத்யூ டேவிஸ், ஜஸ்டின் மா. இருவரும் ஷாங்காயில் ஒரு பெரிய விளையாட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். 2011ல் அந்த வேலையை விட்டு வந்து, சேமிப்பை நம்பி, 'சப்செட் கேம்ஸ்' என்ற பெயரில் இதை உருவாக்க ஆரம்பித்தார்கள். முடிக்கப் பணம் போதவில்லை. 2012ன் தொடக்கத்தில் 'கிக்ஸ்டார்ட்டர்' மூலம் பொதுமக்களிடம் 10,000 டாலர் கேட்டார்கள். வந்து சேர்ந்தது 2 லட்சம் டாலருக்கு மேல். கேட்டதைப் போல இருபது மடங்கு.

இப்படிக் கொட்டும் பணமே பல திட்டங்களை மூழ்கடித்திருக்கிறது. வாக்குறுதிகள் வீங்கும், தேதிகள் தள்ளிப்போகும். இந்த இருவரும் விளையாட்டை இருபது மடங்கு பெரிதாக்கக் கிளம்பவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் முடித்துக் கொடுத்தார்கள். விலையும் பத்து டாலரைத் தாண்டவில்லை. அடுத்த ஆண்டு, சுதந்திரப் படைப்பாளிகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவில் சிறந்த வடிவமைப்புக்கான விருதும் பார்வையாளர் விருதும் கிடைத்தன.

பத்து டாலருக்கு என்ன கிடைக்கிறது? ஐம்பது மணி நேரம் விளையாடுபவருக்கு ஒரு மணிக்கு 20 சென்ட்தான் ஆகிறது. ஆனால் மணிக்கணக்கில் அளந்தால் விஷயம் பிடிபடாது. 1980களில் அமெரிக்காவின் விளையாட்டுக் கூடங்களில் ஒவ்வொரு புது ஆட்டத்துக்கும் 25 சென்ட் நாணயம் போட வேண்டியிருந்தது. தோற்கடிப்பதுதான் கடைக்காரரின் லாபம். இன்று பல மொபைல் விளையாட்டுகள் அதே வியாபாரத்தை வேறு முகத்தோடு நடத்துகின்றன. இலவசம் என்று கூப்பிட்டு, தோற்ற நிமிடத்தில் உயிரை விலைக்கு நீட்டுகின்றன. எஃப்.டி.எல்.லில் தோல்விக்குப் பஞ்சமே இல்லை. அதில் காசு பார்க்க நினைத்திருந்தால் உலகிலேயே வசதியான இடம் அதுதான். ஆனால் அங்கே கல்லாப் பெட்டி இல்லை. அதனால்தான் தோற்றவருக்கு ஏமாந்த உணர்வு வருவதில்லை. அடுத்த கலத்தில் ஏறத்தான் தோன்றுகிறது.

2014 ஏப்ரலில் ஐபேடுக்கு இது வந்தபோது, புதிய இனம், புதிய ஆயுதங்கள், இறந்த மாலுமியை நகலெடுத்து எழுப்பும் கருவி எல்லாம் அடங்கிய விரிவான பதிப்பும் கூடவே வந்தது. ஏற்கெனவே வாங்கியிருந்தவர்களுக்கு அது இலவசம்.

குறைகள் இல்லாமல் இல்லை. அதிர்ஷ்டத்தின் கை சில சமயம் ஓங்கிவிடுகிறது. எவ்வளவு சாமர்த்தியமாக ஓட்டினாலும் நல்ல ஆயுதம் கண்ணில் படாமலே பயணம் முடியலாம். கடைசித் தலைமைக் கப்பல், அதுவரை கற்ற பாடங்களை ஒரே அடியில் பொய்யாக்குவது போலிருக்கும். விலையிலும் ஒரு நெருடல் உண்டு. விற்கும் இணையக் கடைகள் வழக்கமாக 30 சதவீதத்தை எடுத்துக்கொள்கின்றன. பண்டிகைத் தள்ளுபடிகளில் இந்தப் பத்து டாலரும் பாதிக்குக் கீழே இறங்குவதுண்டு. தள்ளுபடிக்குக் காத்திருந்தே வாங்கிப் பழகிய கூட்டம் பெருகினால், சேமிப்பைக் கரைத்து அடுத்த விளையாட்டைச் செய்ய யார் துணிவார்கள்? லட்சக்கணக்கில் விற்றால் மலிவு கட்டுப்படியாகும். ஆயிரக்கணக்கில் மட்டுமே விற்கும் சிறியவர்களுக்கு அதுவே குழி.

டேவிசும் மாவும் துணிந்தார்கள். 2018ல் அவர்களுடைய அடுத்த படைப்பு 'இன்டு தி ப்ரீச்' 15 டாலருக்கு வந்தது. சற்றே கூடுதல் விலை, அதே கொள்கை: 2022ல் அதன் விரிவான பதிப்பையும் இலவசமாகவே கொடுத்தார்கள்.

ஆக்சிஜன் அறைக்குத் திரும்பலாம். கதவைத் திறந்தால் மாலுமி போவார், திறக்காவிட்டால் அறையே போகும். எது நடந்தாலும் இன்றிரவு கலம் அநேகமாக வெடிக்கத்தான் போகிறது. உறைந்து நிற்கும் திரையின் முன் நிம்மதியாக யோசிக்கலாம். மீட்டர் எதுவும் ஓடவில்லை.