பல்லாண்டு – 14: இரண்டு பல்லுக்கு நடுவே

பிரஷுக்கு எட்டாத இடம் ஒன்று உண்டு என்று சொல்லிப் போன வாரம் நிறுத்தியிருந்தேன். கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னப் பக்கம், நாக்குப் பக்கம், மெல்லும் பக்கம், அப்புறம் அண்டைப் பற்களோடு ஒட்டி நிற்கும் இரண்டு பக்கம். ஆக ஐந்து. முதல் மூன்றோடு பிரஷின் ஆட்சி முடிந்துவிடும். மீதி இரண்டையும் நாம் ஊக்கு, ஈர்க்குச்சி, மடித்த பஸ் டிக்கெட் என்று கைக்குக் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கிறோம். அதுவும் கறி நார் சிக்கினால்தான்.

நார் ஒரு பொருட்டே இல்லை. உறுத்தும், எடுத்துவிடுவோம். உறுத்தாமல் உட்கார்ந்திருக்கும் பாக்டீரியாப் படலம்தான் வில்லன். துடைத்தாலும் சில மணி நேரத்தில் மறுபடி படியத் தொடங்கும். நாள்கணக்கில் விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து ஏறிக் காரையாக இறுகும். இறுகிய பிறகு பல் இடுக்கைத் துடைக்கும் ஃப்ளாஸ் நூலும் பிரஷும் ஒன்றும் செய்ய முடியாது. டாக்டரின் கருவிதான் வேண்டும். அந்த நூலைத் தினமும் போடச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

படலத்தை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்று பொறுமையாகப் பார்த்தவர் ஹரால்ட் லோ என்ற நார்வேக்காரர். டென்மார்க்கில் நடத்தி 1965-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், நல்ல ஈறு உள்ள 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது.

மூன்று வாரத்துக்கு இது சரி. முப்பது வருஷம் துலக்காமலே இருந்தால்? அதைப் பார்க்க லோவின் குழு போன இடம் இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள். பிரிட்டிஷ்காரன் காலத்தில் நம் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர்களின் பேரன்மார்தான் அங்கே பெரும்பாலும் வேலை செய்தார்கள். 1970-இல் இரண்டு தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தார்கள். பிரஷ், பேஸ்ட் எதுவும் வழக்கத்தில் இல்லாதவர்கள். அதே ஆட்களில் கிடைத்தவர்களை இடைவெளி விட்டு விட்டு 1985 வரை பார்த்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஆஸ்லோ நகரத்து மாணவர்களும் பேராசிரியர்களும் 565 பேர்.

பரிசோதனை எளிமையானது. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கி, பல்லை விட்டு ஈறின் பிடிப்பு எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று அளப்பார்கள். தோட்டத் தொழிலாளர்களுக்குக் கன்னப் பக்கத்தில் அந்தப் பிடிப்பு வருஷத்துக்கு 0.20 மி.மீ. கழன்றது. பல் இடுக்கிலோ 0.30 மி.மீ. ஆஸ்லோக்காரர்களுக்கு இடுக்கில் 0.08 மி.மீ.தான், அவர்களுடைய கன்னப் பக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவு. ஆஸ்லோக்காரர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பல் டாக்டர் கவனிப்பு இருந்தது. அதனால் வித்தியாசம் முழுவதையும் நூலின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் ஒன்றுமே செய்யாத வாயில் அழிவு எங்கே வேகமாக நடக்கிறது என்பது தெளிவாகத் தெரிகிறது.

1986-இல் வந்த அறிக்கை அந்தத் தொழிலாளர்களை மூன்றாகப் பிரித்தது. 100-க்கு 11 பேருக்கு ஈறு வீங்கியதோடு சரி, எலும்பு வரை போகவில்லை. (எங்க தாத்தா பல்லே விளக்காமல் எண்பது வயதில் கரும்பு கடித்தார் என்பவர்களின் தாத்தாக்கள் இந்த வகையறா.) 81 பேருக்கு நிதானமாகக் கெட்டது, 45 வயதில் ஏழு பல் போயிருந்தது. மீதி 8 பேருக்கு 20 வயதிலேயே பல் விழத் தொடங்கி, 35-இல் பன்னிரண்டு, 40-இல் இருபது, 45-இல் பொக்கை. இந்த மூன்று வகையினரில் யாருக்கும் சொத்தை அநேகமாக இல்லவே இல்லை. நாம் பூச்சிப் பல்லுக்குப் பயந்துகொண்டிருக்க, பல்லை வாரிக்கொண்டு போனது ஈறு நோய்.

45 வயதில் பல் இல்லாமல் கொழுந்துக் காட்டில் நின்ற மனிதனின் கதை அறிக்கையில் ஒரு புள்ளியாக நிற்கிறது. 15 வருஷம் அளந்து அளந்து எழுதியதை இன்று படிக்கையில் நெஞ்சு கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. உலகத்துப் பல் மருத்துவ மாணவர்கள் எல்லாம் படிக்கும் பாடம் அந்த வாய்களிலிருந்து வந்தது.

சரி, நூல் போட்டால் இதெல்லாம் நின்றுவிடுமா? 2016-இல் அமெரிக்கப் பத்திரிகைகளில் பெரிய கூச்சல் எழுந்தது. அரசாங்கத்தின் உணவு வழிகாட்டியிலிருந்து ஃப்ளாஸ் பற்றிய வரி காணாமல் போயிருந்தது. ஆதாரம் பலவீனம் என்றார்கள். உண்மைதான். ஆய்வுகள் பெரும்பாலும் சின்னவை, சில மாதங்களுக்கு மேல் நீளாதவை. பிரஷோடு நூலும் சேர்த்தால் ஈறு வீக்கம் குறைகிறது என்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. சொத்தையைத் தடுக்கிறதா என்றால் பெரியவர்களிடம் நிரூபணம் இல்லை. குழந்தைகளிடம் ஒரு வேடிக்கை: பள்ளி நாட்களில் பயிற்சி பெற்றவர்களே நூல் போட்டுவிட்டபோது இடுக்குச் சொத்தைக்கான வாய்ப்பு 40 சதவீதம் குறைந்தது, தாங்களே போட்டுக்கொண்ட பிள்ளைகளிடம் பலன் தெரியவில்லை. என் தீர்ப்பு இது: ஈறுக்காகப் போடுங்கள், ஒழுங்காகப் போடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் கட்டாயம். ஈறு நோய் சர்க்கரையை ஏற்றும், சர்க்கரை ஈறு நோயை ஏற்றும்.

ஒழுங்கு என்பது இதுதான். ஒரு முழம், சுமார் 45 செ.மீ. நூல். இரண்டு நடுவிரலிலும் சுற்றிக்கொண்டு, நடுவில் ஓர் அங்குலம் மட்டும் விறைப்பாகப் பிடிக்க வேண்டும். இடுக்கில் ‘டப்’பென்று இறக்கினால் ஈறு அறுபடும், ரம்பம் மாதிரி முன்னும் பின்னுமாக மெல்ல இறக்குங்கள். இறங்கியதும் பலர் அப்படியே இழுத்து எடுத்துவிடுகிறார்கள். நூலை ஒரு பல்லோடு வளைத்து அணைத்து, ஈறின் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை கொண்டுபோய், மேலும் கீழுமாக வழிக்க வேண்டும். பிறகு அதே இடுக்கில் எதிர்ப் பல்லுக்கும் அப்படியே. அடுத்த இடுக்குக்கு நூலின் புதுப் பகுதி. கடைசிக் கடைவாயிலிருந்து வரும் நூலை முகர்ந்து பாருங்கள், மவுத் வாஷ் விளம்பரம் சொல்லாத சங்கதி தெரியும்.

முதல் சில நாள் ரத்தம் வரும். அதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். வீங்கிய ஈறு என்பதால் கசிகிறது. தொடர்ந்து போட்டால் ஓரிரு வாரத்தில் நிற்கும். நிற்காவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும். தையல் நூல் வேண்டாம், பிரிந்து இடுக்கிலேயே மாட்டிக்கொள்ளும். ஈறு இறங்கி இடைவெளி விழுந்தவர்களுக்கு நூலைவிட இடுக்குக்கென்றே வரும் குட்டி பிரஷ் மேல். எந்த நேரத்தில் என்று கேட்டால், ராத்திரி, படுப்பதற்கு முன். தூக்கத்தில் எச்சில் சுரப்பு குறைந்துவிடும்.

காரை எடுத்தால் பல் ஆட ஆரம்பித்துவிடும் என்று ஊரே சொல்கிறதே, அது அடுத்த வாரம்.

(தொடரும்)